கோட்டை உறுதி செய்தது

செப்டம்பர் 4, புதன்

காலையில் மிக்ஸி பாதியில் நின்றுவிட்டது. தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைகுறையாகக் கிடந்தன. ஜாரைக் கழற்றி மாட்டியதும் மறுபடி ஓடியது. துவையல் தப்பித்தது.

கஸ்தூரிக்கு மதியச் சாப்பாடு கட்டுவது என் வேலை. அவள் ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். எனக்குப் பிற்பகல் மூன்றுக்கு மேல்தான் ஆபீஸ். அவள் தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலர். நான் ‘தினவாசல்’ நாளிதழில் முதுநிலைத் துணை ஆசிரியர், முதல் பக்கம் என் பொறுப்பு. இப்படி ஒரு ஜோடி அமைந்தால் ஊர் என்ன பேசும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கல்யாணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டோம். அவள் கோப்பு வீட்டுக்குள் வராது. என் பத்திரிகை அவள் கோப்புக்குள் போகாது. அவள் எந்தத் துறை என்பதை நான் இந்த நாட்குறிப்பில்கூட எழுதியதில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஒப்பந்தம் உடையவில்லை.

மிக்ஸி நின்ற நேரத்தில் அவள் ஹாலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பேச்சு. நான் காது கொடுக்கவில்லை. மிக்ஸியைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எலுமிச்சை சாதம், தேங்காய்த் துவையல், இரண்டு அப்பளம். டப்பா காலியாக வந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

நேற்று பக்கம் ஏழு நிமிஷம் முன்னதாகவே முடிந்தது. அப்பாடா என்று இருந்தது.

கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் சுருங்கி, முதல் பக்கத்தில் ஒற்றைப் பத்தி அளவுக்கு ஓட்டை விழுந்தது. மாவட்டச் செய்திகளைத் துழாவியதில் மேலப்பொழிச்சேரி பகுதி நேர நிருபர் ஜெகபர் அலியின் செய்தி கிடைத்தது. அந்த ஊர் அரசு மருத்துவமனையை ஊருக்கு வெளியே நான்கு கிலோமீட்டர் தள்ளி மாற்றப்போகிறார்களாம். எட்டாம் பக்கத்தில் படுத்திருக்க வேண்டிய செய்தி. தட்டி எழுப்பி, ‘மேலப்பொழிச்சேரி மருத்துவமனை இடம் மாறுகிறது: கோட்டை முடிவு’ என்று தலைப்புக் கொடுத்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

‘கோட்டை’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனுக்கு ஒற்றைப் பத்தி போடும் துணை ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து மாலை போட வேண்டும். மாநில அரசு என்றால் ஆறு எழுத்து. துறைச் செயலாளர் என்று எழுதப்போனால் இரண்டாவது வரிக்குப் போய்விடும். கோட்டை மூன்றே எழுத்து. அதற்கு வாயும் காதும் உண்டு. பச்சைக்கொடி காட்டும், மௌனம் சாதிக்கும், கோபப்படும், இறங்கி வரும். ஆட்சி மாறினாலும் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. டெல்லிக்காரனுக்கு டெல்லி, அமெரிக்காக்காரனுக்கு வெள்ளை மாளிகை, நமக்குக் கோட்டை. எல்லாவற்றையும்விட நல்ல குணம், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அது போன் செய்யாது.

முப்பத்தொரு வருஷத்தில் என் பக்கத்துக்கு ஒரு பிழை திருத்தம் வந்ததில்லை. சும்மா வருமா இந்தப் பெயர்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு பதமாக வந்தது. பூரணம் கொஞ்சம் இளகல்.

பூஜை முடிந்து கஸ்தூரி நேற்றைய பத்திரிகையை எடுத்து உட்கார்ந்தாள். மேலப்பொழிச்சேரிச் செய்தியை இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். பத்தியின் கடைசி வரியில் விரலை வைத்தாள். ‘இத்தகவலைக் கோட்டை வட்டாரமும் உறுதி செய்தது’ என்ற வரி.

“இந்தக் கோட்டைங்கிறது யாருங்க?” என்றாள்.

அரசாங்கம்தான், எழுதுகிற வழக்கம் என்றேன்.

“அரசாங்கம்னாலும் ஒரு ஆளு சொல்லியிருக்கணும் இல்ல? யாரு உறுதி பண்ணது?”

அது நிருபர் விஷயம், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டுக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டேன். தான் கோட்டைக்குள் உட்காருவதே இல்லை, பக்கத்துப் பத்து மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் ஜன்னல் ஓரமாகத்தான் தன் இடம், அங்கிருந்து கோட்டையின் கொடிமரம்தான் தெரியும் என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். பத்திரிகையை நான்காக மடித்து வைத்தாள். அதோடு விட்டுவிட்டாள், நல்லவேளை.

செப்டம்பர் 9, திங்கள்

மேலப்பொழிச்சேரியில் கடையடைப்பு. மருத்துவமனை வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிற படம் வந்திருக்கிறது. கஸ்தூரி குடையை மறந்து போனாள், மழை இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

நேற்றுக் கட்டிக்கொடுத்த டப்பா அப்படியே திரும்பி வந்திருக்கிறது. முருங்கைக்காய் சாம்பார், அவளுக்குப் பிடித்தது. மூடியைத் திறந்த அடையாளமே இல்லை.

காலையில் காபி கொடுத்தபோது கேட்டேன். ஒப்பந்தப்படி கேட்கக்கூடாது, டப்பாவைப் பற்றித்தான் கேட்டேன். அவளாகவே சொன்னாள். மேலப்பொழிச்சேரி கோப்பு அவள் பிரிவில் இருக்கிறது. இன்னும் முடிவாகாத கோப்பு. அதற்குள் கோட்டை உறுதி செய்தது என்று பத்திரிகையில் வந்துவிட்டதால், யார் வெளியே சொன்னது என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். கோப்பைத் தொட்டவர்கள் நான்கு பேர். நான்கு பேரில் வீட்டுக்காரர் ‘தினவாசலில்’ இருப்பது ஒருத்திக்குத்தான். நான்கு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாருடைய கண்ணும் இவள் மேஜை மேல்தான் இருக்கிறதாம்.

இந்த மாதக் கடைசியில் சார்புச் செயலாளர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருந்தால் பெயர் வராது. வருகிற ஜூன் மாதம் அவள் ஓய்வு பெறுகிறாள். இந்தப் பட்டியலில் வராவிட்டால் அப்புறம் எந்தப் பட்டியலும் கிடையாது. இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள், முப்பத்து மூன்று வருஷம், ஒரு நாள்கூடத் தாமதமாகப் போய்க் கையெழுத்துப் போட்டதில்லை.

என்ன பதில் எழுதினாய் என்று கேட்டேன்.

“நடந்தத எழுதிக் குடுத்தேன்” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது சத்தியம். சத்தியத்தை எழுதிக் கொடுத்தவளுக்கு என்ன வந்துவிடும்? அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. வாழைக்காய் இரண்டு வாங்கி வைத்தேன்.

செப்டம்பர் 11, புதன்

ஜெகபர் அலிக்குப் போன் செய்தேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்; பின்னால் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தச் செய்தியை நீ யாரிடம் விசாரித்தாய், ஒழுங்காக ஆளைப் போட்டு அனுப்பக்கூடாதா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

“சார், நான் தாசில்தார் பேரப் போட்டுத்தானே சார் அனுப்புனேன். சமாதானக் கூட்டத்துல அவரு சொன்னதுதான். முப்பது பேரு உக்காந்திருந்தோம், வடை டீயெல்லாம் குடுத்தாங்க. இப்ப ஊர்ல என்னையப் பாத்து, கோட்டையில ஒனக்கு யாருய்யா சொந்தம்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரிய நான்தான் மாத்தப் போற மாரி ஏசுறாங்க சார்.”

தாசில்தார் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாராம். தன் பெயர் வரவில்லை என்று இவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம்.

இவன் அனுப்பியதில் பெயர் இருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழைய பிரதி இருக்கும். நேரம் கிடைத்தால் பார்க்க வேண்டும்.

மிக்ஸியைக் கடையில் காட்டினேன். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “மோட்டார் நல்லா இருக்கு சார், ஜாரும் டைட்டா இருக்கு, இது தானா நிக்கிற மிக்ஸியே இல்ல” என்றார் கடைக்காரர். காசு வாங்கவில்லை. நல்ல மனிதர். தொழில் தெரியாது.

செப்டம்பர் 12, வியாழன்

சிலிண்டர் வந்தது. வாழைக்காய் பொரியல் வைத்துக் கொடுத்தேன். டப்பாவில் பாதி மிச்சம். போன திங்களுக்கு இது தேவலாம்.

செப்டம்பர் 14, சனி

ஒரு யோசனை செய்தேன். அது யோசனையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

வியாழக்கிழமை முதல் பக்கத்தில் கீழே இடம் இருந்தது. ‘மருத்துவமனை இடமாற்றம்: கோட்டை மறுப்பு’ என்று ஆறு வரி போட்டேன். ‘இறுதி முடிவு எடுக்கப்படவில்லை என்று கோட்டை வட்டாரம் தெரிவித்தது.’ முடிவு இல்லை என்று வந்துவிட்டால் கசிவும் இல்லை, விசாரணையும் இல்லை என்று கணக்குப் போட்டேன். எங்கள் தொழிலில் இதுதான் பழக்கம். கோட்டை உறுதி செய்து தப்பாகப் போனால் மறுநாள் கோட்டையே மறுத்துவிடும். யாருக்கும் வலிக்காது.

நேற்று சாயங்காலம் கஸ்தூரிக்கு இரண்டாவது மெமோ. இறுதி முடிவு எடுக்கப்படவில்லை என்பதுதான் கோப்பின் இன்றைய நிலைமையாம். ஏழாவது மாடியைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாதது. அதை யார் சொன்னது?

இன்று காலை மெமோவை மேஜை மேல் வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

“மொத தடவைய தற்செயல்னு சொல்லிடலாம். ரெண்டாவது எனக்காகவே எழுதின மாதிரி இருக்குங்க. யாரு எழுதினது?”

“டெஸ்க்ல எழுதினது” என்றேன்.

“டெஸ்க்குன்னா மேசை. மேசை எழுதுமா?”

வெளியே வந்து தண்ணீர்க் கேனை மாற்றினேன். கேன் புதிதாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர் இருந்ததைக் கழற்றிவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நேற்று ஆபீஸில் பழைய பிரதியைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

ஜெகபர் அலி எழுதியிருந்தது இதுதான்: ‘மேலப்பொழிச்சேரி வட்டாட்சியர் அலுவலகத்தில் புதன்கிழமை நடைபெற்ற சமாதானக் கூட்டத்தில் பேசிய வட்டாட்சியர், மருத்துவமனையை ஊருக்கு வெளியே நான்கு கிலோமீட்டர் தள்ளி மாற்றுவதற்கு இடம் பார்த்து வருவதாகவும், கோப்பு அரசுக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும் தெரிவித்தார்.’ கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எட்டுப் பெயர்கள். மொத்தம் பன்னிரண்டு வரி. தங்கமான பிரதி. யாரிடம், எங்கே, எப்போது, எல்லாம் இருக்கிறது.

எட்டுப் பெயர்களை வெட்டியது நான். வட்டாட்சியரை வெட்டியது நான். வட்டாட்சியர் சொன்னால் எட்டாம் பக்கம், கோட்டை சொன்னால் முதல் பக்கம். இரண்டு வரி குறைந்ததால் ‘கோட்டை வட்டாரமும் உறுதி செய்தது’ என்று சேர்த்து நிரப்பியதும் நான். ஒருவரும் உறுதி செய்யவில்லை. நான் எந்த வட்டாரத்துக்கும் போன் செய்யவில்லை.

எழுதிவிட்டேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது: ‘கோட்டை வட்டாரம் என்று தவறுதலாகப் பிரசுரமாகிவிட்டது.’ யாரும் பிரசுரிக்காமல் தானாகவே பிரசுரமாகியிருக்கிறது. அடுத்து: ‘செய்தியில் தவறு நேர்ந்துவிட்டது.’ மழை பெய்கிற மாதிரி தவறு நேர்ந்திருக்கிறது. இப்படி ஆறு எழுதினேன். ஆறிலும் ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஆளைக் கழற்றிவிட்டு எழுதிப் பழகிய கை. மாட்டி எழுத வரவில்லை.

கஸ்தூரி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவள் என்பது ஒன்று. பத்திரிகைக்குக் கோப்பை விற்றவள் என்று ஏழாவது மாடியில் நாலு பேர் பேச ஓய்வு பெற்றவள் என்பது வேறு. பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

நேற்று மூன்று மணிக்கே போய்விட்டேன். செய்தி ஆசிரியர் புளோரன்ஸ் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் கொடுத்த காகிதத்தைப் படித்தார். பழைய பிரதியையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

இரண்டாவது செய்தியும் இப்படித்தானா என்று கேட்டார். அதுவும் நானேதான் என்றேன்.

பிறகு, நம் வழக்கப்படி ‘தவறு நேர்ந்தது, வருந்துகிறோம்’ என்று நாலாம் பக்கத்தில் போட்டால் போதுமே, இவ்வளவு விவரம் எதற்கு என்றார். அவருக்கும் பத்திரிகையின் மானம் முக்கியம். தப்புச் சொல்ல முடியாது.

“யாரு செஞ்சாங்கன்னு போடலன்னா, இதையும் கோட்டைதான் செஞ்ச மாதிரி இருக்கும் மேடம்” என்றேன். “அங்க நாலு பேருல ஒருத்தர் சொன்னதா தேடிக்கிட்டிருக்காங்க. அப்படி ஒருத்தர் கிடையாதுன்னு சொல்ல வேண்டியது நாமதான்.”

அந்த நாலு பேரில் உங்கள் வீட்டுக்காரம்மாவும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயர் வேண்டாம், பொறுப்பைப் போடலாம் என்றார். செய்தி வந்த முதல் பக்கத்திலேயே திருத்தமும் வரட்டும் என்றும் அவரே சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

இன்று வந்திருக்கிறது. ஒட்டி வைக்கிறேன்.

‘பிழை திருத்தம்: மேலப்பொழிச்சேரி மருத்துவமனை தொடர்பாகச் செப்டம்பர் 6 அன்று வெளியான செய்தியில் உள்ள தகவல்கள், 4ஆம் தேதி சமாதானக் கூட்டத்தில் வட்டாட்சியர் பலர் முன்னிலையில் தெரிவித்தவை. எமது நிருபர் அவ்வாறே எழுதியிருந்தார். கோட்டை வட்டாரம் என்ற சொற்களை, செய்தியைச் செப்பனிட்ட துணை ஆசிரியர் சேர்த்தார். 13ஆம் தேதி வெளியான மறுப்பையும் அவரே எழுதினார். இரண்டு செய்திகளுக்காகவும் தலைமைச் செயலகத்தில் எவரிடமும் பேசப்படவில்லை. வருந்துகிறோம்.’

முப்பத்தொரு வருஷத்தில் முதல் திருத்தம். ‘பேசப்படவில்லை’ என்று ஓர் இடத்தில் கை பழைய புத்தியைக் காட்டிவிட்டது. பரவாயில்லை. என்னை ஒரு மாதத்துக்கு மாவட்டப் பக்கங்களுக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் எழுந்தபோது தோள்பட்டை வலி இல்லை. பத்து நாளாக இருந்தது.

கஸ்தூரி நின்றபடியே படித்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“ஜெகபர் அலிக்குப் போன் பண்ணீங்களா?” என்றாள்.

இல்லை என்றேன். முதலில் அதைச் செய்யச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

செய்தேன். மன்னித்துவிடு என்று சொல்வதற்குள், திருத்தத்தை ஐம்பது பிரதி எடுத்துத் தெருத்தெருவாக ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். தாசில்தார் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று சாயங்காலம் ஆபீஸில் இருந்தபோது கஸ்தூரி போன் செய்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் என் வேலை நேரத்தில் அவள் போன் செய்தது மூன்றாவது தடவை. நான்கு பேர் மீதும் நடவடிக்கை கைவிடப்பட்டது. கூட்டத்தின் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாசில்தார் பேசியது வார்த்தைக்கு வார்த்தை அதில் இருக்கிறதாம்.

கேண்டீனில் போய் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். சந்தோஷத்தில் இன்னொரு டீயும் குடித்தேன்.

செப்டம்பர் 21, சனி

எல்லாம் முடிந்துவிட்டது என்று இந்த நாட்குறிப்பை மூடியிருக்கலாம். மூட முடியவில்லை. 4ஆம் தேதிப் பக்கம் உறுத்திக்கொண்டே இருந்தது.

காலையில் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்கு மிக்ஸி தானாக நிற்கவில்லை, நான்தான் சுவிட்சை அணைத்தேன் என்று சொன்னேன். ஹாலில் அவள் மேலப்பொழிச்சேரி என்று சொன்னது காதில் விழுந்தது. பாதி அரைத்ததை அப்படியே விட்டுவிட்டு, ‘அந்தக் கோப்பு செவ்வாய்க்கிழமைக்குள் மேலே போயாக வேண்டும்’ என்பது வரை கேட்டேன். மறுநாள் ஜெகபர் அலியின் செய்தி வந்தபோது, இது உண்மைதான் என்று எனக்குத் தைரியம் வந்தது அதனால்தான். யாரையும் கேட்காமல் உறுதி செய்தது என்று எழுதக் கை துணிந்ததும் அதனால்தான். திருத்தத்தில் இருப்பதெல்லாம் உண்மை. இது மட்டும் அதில் இல்லை.

தோசையைத் திருப்பிப் போட்டாள். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு உள்ளே போய், கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அவள் கொடுத்த விளக்கத்தின் நகல். செப்டம்பர் 9 தேதியிட்டது, முதல் மெமோ வந்த அதே நாள்.

‘இக்கோப்பு குறித்து நான் எவரிடமும் தகவல் தெரிவிக்கவில்லை. எனினும் 4.9 அன்று காலை இக்கோப்பு தொடர்பாக என் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசினேன். அப்போது என் கணவர் திரு. இரா. அருணகிரி (முதுநிலைத் துணை ஆசிரியர், தினவாசல்) சமையலறையில் இருந்தார். நான் பேசியது அவர் காதில் விழுந்திருக்கக்கூடும். வீட்டில் பேசியது என் தவறு.’

இரண்டு தடவை படித்தேன். திருத்தம் வரும் வரை நான் ஒளிந்துகொண்டிருந்த எட்டு நாளும் என் பெயர் ஏழாவது மாடியில் முழுசாக, இனிஷியலோடு, அடைப்புக்குறிக்குள் பதவியோடு இருந்திருக்கிறது. அதை எழுதினால் பட்டியலில் பெயர் போகும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாள்.

“மிக்ஸி நின்னப்பவே எனக்குத் தெரியுங்க” என்றாள். “நீங்களா சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

இதை எழுதிக் கொடுத்துமா விட்டார்கள் என்று கேட்டேன். மற்ற மூன்று பேரும் ‘இப்பிரிவுக்குத் தொடர்பில்லை’ என்று ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்களாம். அவளுடைய மேலதிகாரி நான்கையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஆள் பெயர் உள்ள விளக்கம் இது ஒன்றுதான், பொய் சொல்கிறவர்கள் இப்படிச் சொந்தப் புருஷனைக் காட்டிக் கொடுத்து எழுத மாட்டார்கள் என்று சொன்னாராம். திருத்தமும் வந்து சேர்ந்ததில் கோப்பை மூடிவிட்டார்கள். இனி வீட்டிலிருந்து ஆபீஸ் போன் பேசக்கூடாது என்று வாய்மொழியாக எச்சரிக்கை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோசை கருகிவிட்டது. அதைத் தனக்கு எடுத்துக்கொண்டு எனக்கு வேறு ஊற்றினாள். நான் அந்தக் கருகலைத்தான் சாப்பிடுவேன் என்று பிடுங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 28, சனி

பட்டியல் நேற்று வந்தது. பதினேழாவது பெயர். மு. கஸ்தூரி.

மேலப்பொழிச்சேரி மருத்துவமனை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். நான் கேட்க மாட்டேன். ஜெகபர் அலியின் பிரதிகளை இப்போது நான்தான் பார்க்கிறேன். நேற்று ஒரு கூட்டத்துக்குப் பதினோரு பெயர்கள் அனுப்பியிருந்தான். பதினொன்றும் வந்திருக்கின்றன. பக்கம் நான்கு நிமிஷம் தாமதம்.

இன்று காலை சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. வாழ்த்துச் சொல்ல யாரோ. ஆபீஸ் ஆளாக இருக்கலாம், அவள் அக்காவாகவும் இருக்கலாம். பேச்சு நீண்டுகொண்டே போனது. அவள் போனை வைக்கும் வரை நான் மிக்ஸியை நிறுத்தவில்லை. சட்னி பாலாகிவிட்டது, ஜாரும் சூடாகிவிட்டது.

கஸ்தூரி அதை இட்லி மேல் ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள்.